வெள்ளாற்றுக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே – 17
குண்டு விழுந்த தூரம்

சென்ற இதழில் ராஜாராமைச் செஞ்சிக் கோட்டைக்குள் விட்டுவிட்டு வந்தோம். சிவாஜியின் இளைய மகன். 1689இல் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து செஞ்சிக்குள் புகுந்தவர். அவரைத் துரத்திக்கொண்டு வந்த ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் கோட்டையைச் சுற்றிக் கூடாரம் போட்டுவிட்டார். அந்த முற்றுகை எட்டு வருஷம் இழுக்கப்போகிறது என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும் என்பது மட்டும் ராஜாராமுக்கு நன்றாகத் தெரியும்.

பணம் சென்னையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1680களிலேயே கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாங்கக் கிடங்கு போட்டிருந்தார்கள். முகலாயரோடு அவர்களுக்கே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்த சமயம் அது. சென்னை கைவிட்டுப்போனால் ஒதுங்கிக்கொள்ள இன்னொரு கோட்டை இருந்தால் நல்லது என்று நினைத்தார்கள். தேவனாம்பட்டினத்தில் கெடில ஆறு கடலில் சேரும் இடத்தருகே ஒரு சிறிய கோட்டை இருந்தது. உள்ளூர் வணிகர் ஒருவர் கட்டியது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அதை ராஜாராம் கம்பெனிக்கு விற்றார். அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கொடுத்து, இன்று அங்கே பல்கலைக்கழகத்தின் பெயராக நிற்கிறாரே, அவரேதான்.

கிரயத்தில் எல்லை குறித்த விதம் வேடிக்கையானது. நான்கெல்லை எழுதவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு விழும் இடம் வரை கம்பெனி நிலம். சென்னைக் கவுன்சில் விவரமானது. தன்னிடமிருந்த பெரிய பித்தளைப் பீரங்கியை அனுப்பிவைத்தது. கூடவே போன கடிதத்தில், மருந்து கெட்டிப்பதும் சுடுவதும் பீரங்கிக்காரனின் கைத்திறமையைப் பொறுத்தது என்று நினைவூட்டியது. கடலூரும் தேவனாம்பட்டினமும் எல்லைக்குள் அகப்பட்டாக வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்கள். 1690 செப்டம்பரில் சுட்டார்கள். அகப்பட்டன.

அப்படி உள்ளே வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. ஊரை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் அங்கே குடியிருந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் நெசவாளர், வண்ணார், சாயம் தோய்ப்பவர் எல்லாரும் வருகிறார்கள், முன்பணம் வாங்கியவர்களாக மட்டும். அந்தக் குண்டு நம் ஊரான முத்தாண்டிக்குப்பம் வரை வரவில்லை என்பதில் நம்மவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. எந்தப் பீரங்கிக்கும் எட்டாத மேட்டு நிலத்தில் இருக்கிறோம்.

வாங்கிய கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். டேவிட் வேல்ஸ் நாட்டுக் காவல் புனிதர். யேலின் குடும்பம் வேல்ஸ் குடும்பம். அடுத்த ஐம்பது ஆண்டு கோட்டை வேலை என்பது பெரும்பாலும் துணி வேலைதான். உள்நாட்டு நெசவூர்களிலிருந்து நீளத் துணி வரும், வெளுப்பார்கள், சாயம் தோய்ப்பார்கள், கட்டு கட்டிக் கப்பலேற்றுவார்கள். பீரங்கிச் சத்தத்தைவிடப் பேரம் பேசும் சத்தம்தான் அங்கே அதிகம் கேட்டிருக்கும்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். யேல் காலத்தில் போட்ட கணக்கு அன்றைக்குப் பலித்தது. கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு மாறி, 1752 வரை இங்கேதான் இருந்தது. சென்னையிலிருந்து வேஷம் மாற்றிக்கொண்டு தப்பி வந்த குமாஸ்தாக்களில் இருபத்தொரு வயது ராபர்ட் கிளைவும் ஒருவர். பேனாவை வைத்துவிட்டு அவர் படையில் சேர்ந்தது இந்தக் கோட்டையிலிருந்துதான். பத்து வருஷம் கழித்து, 1756இல், இதே கோட்டைக்குக் கவர்னராகவும் வந்தார். வந்த சில மாதங்களில் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அதற்கு மேல் நடந்தது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை டி பூரி என்பவர் தலைமையில் புதுச்சேரியிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்து வந்து, மஞ்சக்குப்பத்தில் இருந்த கம்பெனி கவர்னரின் தோட்ட வீட்டைச் சண்டையில்லாமலே பிடித்துவிட்டது. நடந்த களைப்பு, பசி வேறு. துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் இளைப்பாறப் போனார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் குதிரைப்படை வந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடினார்கள். சில வாரங்களுக்கு முன் அடையாற்றங்கரையில் இதே நவாபின் படையை ஓட ஓட விரட்டியவர்கள் அவர்கள்! ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள் இந்தக் காலத்துப் பக்கங்களை விடாமல் படிக்க வேண்டும். தேவனாம்பட்டினத்துச் செய்தி எப்போது வரும் என்று புதுச்சேரி காத்துக்கிடந்த காலம் அது.

கோட்டையின் முடிவு 1758இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி வந்த வேகத்திலேயே கடலூரைப் பிடித்து, ஜூன் 2ஆம் தேதி கோட்டையையும் சரணடைய வைத்தார். பிடித்ததோடு நிற்காமல் வெடி வைத்துத் தகர்த்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அந்த ஊரைத் தரைமட்டமாக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். இரண்டு கடனுக்கும் வட்டி கட்டியது கடலோரத்துக் குடிகள்தான்.

இன்று தேவனாம்பட்டினத்தில் கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது ஆற்றோரத்தில் சில இடிந்த சுவர்கள், சரிந்த செங்கல் கட்டுமானம், செடி கொடி. கிளைவைப் பார்க்கப் போய் ஏமாந்து, வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பியவர்கள் பலர். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. போலந்தின் வார்சா நகரத்தை 1944இல் ஜெர்மானியர்கள் தெருத்தெருவாகத் திட்டமிட்டு இடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்து வைத்திருந்த நகரக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து, போலந்துக்காரர்கள் பழைய நகரத்தை மறுபடி எழுப்பினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே இடித்தவன் அன்னியன், கட்டியவன் ஊர்க்காரன். செயின்ட் டேவிட் கோட்டையைப் பெரிதாக்கியவனும் அன்னியன், இடித்தவனும் அன்னியன். இதற்காகக் கடலூர்க்காரர் எதற்குச் செங்கல் சுமக்க வேண்டும்?

அதனால் கடலூருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நேரமிருந்தால் பாருங்கள். இது ஒரே ஊர் அல்ல. கோயிலைச் சுற்றித் திருப்பாதிரிப்புலியூர், கலெக்டர் கச்சேரியைச் சுற்றி மஞ்சக்குப்பம், துறைமுகத்தை ஒட்டி முதுநகர், கடலோரத்தில் தேவனாம்பட்டினம் என்று ஆளுக்கொரு காலத்தில், ஆளுக்கொரு தேவைக்கு வளர்ந்த ஊர்கள். 1801இல் தென்னாற்காடு மாவட்டம் ஏற்பட்டபின் அத்தனையும் ஒரு பெயருக்குள் வந்தன. ஓர் ஊரில் நின்றுகொண்டு இன்னோர் ஊரின் சரித்திரத்தைத் தேடினால் கிடைக்காது.

பழைமை வேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூருக்குத்தான் போக வேண்டும். கம்பெனிக்காரன் சுட்ட குண்டுக்கு ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் முன்னால், கி.பி. 458இல், இங்கிருந்த சமணப் பள்ளியில் சர்வநந்தி என்ற முனிவர் பிராகிருதத்தில் உலக அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'லோகவிபாகம்' என்று பெயர். மூல நூல் கிடைக்கவில்லை. சிம்மசூரி செய்த சமஸ்கிருத வடிவம் இருக்கிறது. அதில்தான் பாண நாட்டுப் பாடலிகை என்ற ஊர்ப் பெயரும், சக வருஷம் 380 என்ற கணக்கும், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் வருகின்றன. பல்லவர் வரலாற்றில் காலம் குறிக்கத் தடுமாறியவர்களுக்கு இந்த ஒரு குறிப்பு எவ்வளவு பெரிய கைப்பிடி! கோட்டையைப் பார்க்கப் பலகை வைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு பலகை வைக்கலாம்.

அதே பள்ளியில்தான் ஏழாம் நூற்றாண்டில் திருவாமூர் மருள்நீக்கியார் தருமசேனராக இருந்தார். சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, அப்பரானார். பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியதும், கல் மிதந்து கரையேறியதும் பெரிய புராணக் கதை. கரையேறிய இடம் வண்டிப்பாளையத்தில் கரையேறவிட்ட குப்பம் என்று இருக்கிறது. இன்று அங்கே நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. மன்னன் மனம் மாறி, பாடலிபுத்திரம் என்று பெயர் கொண்ட இந்த ஊர்ச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்றும் சேக்கிழார் சொல்கிறார். ஆக, இடித்து எடுத்துப்போகும் வழக்கத்தை லாலிதான் இந்த ஊருக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வதற்கில்லை.

வண்டிப்பாளையத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1783 ஜூன் 13ஆம் தேதி, அந்த ஊர் மேட்டில்தான் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் மோதினார்கள். புஸ்ஸியோடு திப்புவின் படையும் இருந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் ஆங்கிலக் கப்பல்களை விரட்டினார். 25ஆம் தேதி இன்னொரு சண்டை. மாதம் முடிகிற நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்து, ஐரோப்பாவில் ஜனவரி மாதமே சமாதானம் பேசி முடித்தாயிற்று என்று சொன்னது! பிற்காலத்தில் சுவீடனுக்கு அரசரான பெர்னடோட் அப்போது சார்ஜெண்டாக இங்கே பிடிபட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்க நன்றாயிருக்கும்; நம்புவதற்கு ஆதாரம் போதாது.

மஞ்சக்குப்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கச்சேரிகளும் மைதானமும் நிழல் மரங்களும். ஜெயகாந்தன் 1934இல் பிறந்த ஊர். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரும்புள்ளிகள் இத்தனை பக்கத்தில் பிறந்திருக்க, ஊர் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியை 1918 நவம்பர் 20ஆம் தேதி கைது செய்து வைத்ததும் கடலூர்ச் சிறையில்தான். டிசம்பர் 14இல் விட்டார்கள். முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள் 1927இல் சென்னை நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் தன் சிறு பெண்ணோடு சிறைக்குப் போனார். அவருக்குத் தனியாக ஓர் இதழ் ஒதுக்க வேண்டும், ஒதுக்குவேன்.

இனிச் சாப்பாடு. சரித்திரத் தொடரில் சாப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் ஒருமுறை போய் வர வேண்டும். படகு அணைந்ததும் ஏலம் தொடங்கிவிடும். சங்கரா, மத்தி, நெத்திலி, வஞ்சிரம், இறால், நண்டு. விலை சொல்கிற வேகம் நமக்குப் பிடிபடாது. மீன்காரம்மாக்களுக்குப் பிடிபடும். மத்தியானம் எந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாலும் அந்த மீன்தான் மாங்காய் போட்ட குழம்பாக வரும். தண்ணியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள், உறைப்பு பின்னாலேயே வரும். அந்த உறைப்பும் கப்பலில் வந்ததுதான். அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்து இறக்கும் வரை இந்தக் கரையில் குழம்புக்கு மிளகுதான். கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள், மிளகாய் தங்கிவிட்டது.

முந்திரியும் அப்படித்தான். பிரேசில் மரம். போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. இன்று முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். புவியியல்காரர்கள் இந்த நிலத்துப் பாறையைக் கடலூர் மணற்கல் என்று எழுதுகிறார்கள். அதற்கு அடியில்தான் நெய்வேலி நிலக்கரி கிடக்கிறது, அதற்கும் அடியில் அழுத்தத்தோடு பீறிட நிற்கும் ஊற்றுநீர். மேலே முந்திரி, நடுவில் கரி, கீழே தண்ணீர் என்று மூன்றடுக்கில் வாழ்கிற மக்கள் நாம். இந்த நிலத்துக்கே கடலூர்ப் பெயர் இருக்கும்போது, கடலூர்ச் சரித்திரம் நமக்கு வெளியூர்ச் சரித்திரம் ஆகாது.

பங்குனி, சித்திரையில் வருகிற விருந்தாளிக்குப் பச்சை முந்திரிக் குழம்பு போடாவிட்டால் நம் ஊரில் அது விருந்தே இல்லை. காயாத கொட்டையைப் பிளந்து பருப்பை எடுக்கும்போது தெறிக்கும் பால் தோலைப் பொசுக்கிவிடும். எடுத்த பருப்பை ஊறவைத்துத் தோல் உரித்து, தேங்காய் அரைத்துவிட்டால் வாயில் வைத்ததும் கரையும். கடையில் விற்கிற வெள்ளைப் பருப்புக்கு இந்த ருசி கிடையாது. அந்த வெள்ளைப் பருப்புக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் பெண்கள். வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, எண்ணெயில் கறுத்துப்போன விரல்களோடு வீடு திரும்புகிறவர்கள். உள்ளூர் விளைச்சல் போதாமல், ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கும் கொட்டையையும் அவர்களே உடைக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலா மறுபடி காய்ப்பதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கடலூர் போய்வர இரண்டு வழி உண்டு. காடாம்புலியூர், பண்ருட்டி வழி ஒன்று. வடலூர், குறிஞ்சிப்பாடி வழி இன்னொன்று. ஒன்றில் போய் மற்றதில் திரும்புவது நல்லது. எதில் போவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வடலூர் சத்திய ஞான சபை வாசலில், கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள்தான் உள்ளே வரலாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். முதுநகர் மீனைச் சாப்பிட்டுவிட்டு மாலையில் அங்கே போய் நின்றால் மனசு கூசும். அதனால் காலையில் வடலூர். வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி பற்றவைத்த தருமச்சாலை அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது அது. முந்தைய வருஷம்தான் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் உலுக்கியிருந்தது. யார் என்ன ஊர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். இந்த வட்டாரத்தில் கட்டியவர் சொன்ன காரியத்துக்காகவே இன்றும் புழங்குகிற கட்டடங்களைக் கணக்கெடுத்தால் தருமச்சாலைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஆயுள் 68 வருஷம்.

திரும்பும் வழியில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பஸ்ஸுக்குள் வரும். திருவதிகையில் இறங்கி வீரட்டானேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுப் பண்ருட்டிக்கு வந்தால், சித்திரை முதல் ஆனி வரை சாலையோரம் பலாப்பழம் மலையாகக் குவிந்திருக்கும். தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் அறுத்து வைத்த சுளையை வாங்குவது உத்தமம். கொட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். கருவாட்டுக் குழம்புக்குப் பலாக்கொட்டையை மிஞ்சிய துணை இல்லை.

இன்னொரு நாள் கையில் இருந்தால் கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் போகலாம். சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டுப் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் சுற்றலாம். அவசரமில்லாதவர்கள் வழியில் பரங்கிப்பேட்டையில் இறங்க வேண்டும். ஹைதர் அலி 1781 ஜூலை 1ஆம் தேதி ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற இடம் அது. அந்தச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1830களில் அங்கே எழுந்த இரும்பு உலை. ஜோசையா ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டு, சேலத்துத் தாதை ஆற்று வழியாகப் படகில் இறக்கி, அடுப்புக்கரிக்காகக் காடு காடாக வெட்டி இரும்பு உருக்கினார். கரி கட்டுப்படியாகாமல் தொழில் நொடித்தது. ஒரு நாள் பயணத் தூரத்தில் முந்திரிக் காட்டுக்கடியில் பூமி முழுக்கக் கரி கிடந்தது அவருக்குத் தெரியாது. 1960களில் சேலத்துத் தாதையும் நெய்வேலிக் கரியையும் சேர்த்து உருக்கலாமா என்று மறுபடி ஒரு திட்டம் பேசப்பட்டது. ஹீத்தின் கணக்கு எங்கே பிசகியது, நூற்றுமுப்பது வருஷம் கழித்து அதே கணக்கை மறுபடி போட்டவர்கள் யார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)